பஸ்ஸில் வந்த நாலாம் வகுப்பு

என் வயதுக்காரர்களே, தொற்றுக் காலத்தில் பிள்ளைகள் போனில் படித்தபோது நீங்கள் எல்லோரும் ஒரே பேச்சைத்தான் பேசினீர்கள். கரமனைப் பாலத்தடி டீக்கடையில் முகத்துணியைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டு, "நம்ம காலத்துல டீச்சர் முன்னால நிப்பாங்க, கையில பிரம்பு இருக்கும். இதென்ன படிப்பு?" என்றீர்கள். நான் வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை. நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச்சு வராது. எழுதினால் கொஞ்சம் வரும். நான் நாலாம் வகுப்பை முடித்தபோது என் டீச்சர் என் முன்னால் இல்லை. நாங்கள் போனக்காட்டு மலையில் இருந்தோம். அவர் மூன்று மணி நேர பஸ் தூரத்தில், இதே கரமனையில், காலில் மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தார்.

இதை நினைக்கவைத்தது என் மகளின் வகுப்புதான். அவளும் அப்போது நாலாம் வகுப்பு. வருடக் கடைசி நாளில் போனிலேயே விழா வைத்தார்கள். பிள்ளைகள் தாங்கள் செய்த காகிதப் பூ, தீப்பெட்டி வண்டி எல்லாவற்றையும் கேமராவுக்கு நேராகத் தூக்கிக் காட்ட வேண்டும். திரையில் சின்னச் சின்னக் கட்டங்களில் முகங்கள். ஒரு கட்டம் மட்டும் முதலிலிருந்து கடைசி வரை கறுப்பாகவே இருந்தது.

"அது யாரும்மா?" என்று கேட்டேன்.

"அப்பா, மிண்டாதீங்க. மைக் ஆன் ஆணு" என்றாள். பேசாதே என்று அர்த்தம். மைக்கை அணைத்துவிட்டு, "அவ எப்பவும் அப்படித்தான். நெட் கிட்டாத பிள்ளை" என்றாள்.

டீச்சர் எல்லாப் பிள்ளைகளையும் பாராட்டி முடித்துவிட்டார். கறுப்புக் கட்டத்தைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. என் மகளும் சொல்லவில்லை. நான் அவளைக் கோபிக்கவில்லை. நானும் சொல்லாதவன்தான்.

தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடம் என்றால் ஒரே அறை. கல் சுவர், தகரக் கூரை. ஒன்று முதல் நாலு வரை எல்லா வகுப்பும் அதற்குள்ளேதான். தமிழில் பாடம். ஒரே ஒரு டீச்சர். விடியும் முன்னே கிளம்பி, நகரத்திலிருந்து வரும் முதல் பஸ்ஸில் ஒன்பதரைக்கு வந்து இறங்குவார். மூன்று மணி பஸ்ஸில் திரும்பிப் போவார். பஸ் நிற்கும் இடத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே நூறு அடிதான் இருக்கும். அந்த நூறு அடியைப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பார். அட்டைப் பூச்சிக்கு அவ்வளவு பயம்.

நாலாம் வகுப்பில் நாங்கள் ஐந்து பேர். நான். எங்கள் லயத்தில் மூன்று வாசல் தள்ளி இருந்த பெண். தோட்டக் காவலாளியான வாட்சரின் மகன். அப்புறம் இரட்டைப் பிறவிகளான அக்கா தங்கச்சி. லயம் என்பது தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய வீடுகள். ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம்.

அந்த வருடம் பொங்கல் கழிந்த வாரம் டீச்சர் பஸ் படியில் வழுக்கி விழுந்தார். கால் எலும்பு முறிந்துவிட்டது. மூன்று மாதம் எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவருக்குப் பதிலாக ஒரு வாத்தியாரை அனுப்பினார்கள். வந்த அன்றே அவர் கணுக்காலில் இரண்டு அட்டை ஏறின. வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போனவர் பிறகு வரவில்லை. பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது.

மூன்றாவது வாரம் கண்டக்டர் ஒரு பையைக் கொண்டுவந்து இறக்கினார். பழைய ரெக்சின் பை. ஜிப் பாதி வரைதான் ஓடும். அதற்குள் வகுப்புக்கு ஒரு கட்டாகக் காகிதங்களும், மேலே ஒரு கடிதமும் இருந்தன. நாள்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் நீல மையில் கணக்கும் பாடமும் எழுதியிருந்தார். டீச்சரின் கணவர் விடிகாலையில் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து பையைக் கண்டக்டரிடம் கொடுப்பார். திங்கட்கிழமை பை வரும். வெள்ளிக்கிழமை மூன்று மணி பஸ்ஸில் எங்கள் விடைகளோடு திரும்பிப் போகும். இதை யாரும் டீச்சரைச் செய்யச் சொல்லவில்லை. அவராகச் செய்தார்.

பள்ளிக்கூடத்துச் சாவி, கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவிடம் இருந்தது. அவள் கதவைத் திறந்துவிட்டு, "உள்ள போயி சத்தங்காட்டாம படிங்க. பிள்ள முழிச்சிதுன்னா ஒங்கள வந்து தாலாட்டச் சொல்லுவேன்" என்று சொல்லிவிட்டுப் போவாள். கடிதத்தை வாட்சர் மகன் நாற்காலி மேல் ஏறி நின்று வாசிப்பான். டீச்சர் மாதிரியே மூக்கைச் சுருக்கிக்கொண்டு, "கொழந்தைகளா, நன்னா இருக்கேளா?" என்று ஆரம்பிப்பான். இரட்டையர் சிரித்துப் புரளுவார்கள். கீழ் வகுப்புக்காரர்களுக்கு நாங்கள் சொல்லிக் கொடுக்க வேண்டும். பையைப் பஸ்ஸில் ஏற்றும் வேலை எனக்கு. அதற்குப் பேச வேண்டியதில்லை, தூக்கினால் போதும். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

கண்டக்டர் மலையாளி. வெள்ளிக்கிழமைதோறும் ஜன்னல் வழியே கையை நீட்டி, "எடா, நின்றெ ஸ்கூல் எவிடெ? கொண்டா" என்பார். உன் பள்ளிக்கூடம் எங்கே என்று கேட்கிறார்; அது முழுவதும் அந்தப் பைக்குள்தான் இருக்கிறது என்பது அவர் வேடிக்கை.

கீழிருந்து வரும்போது பையில் பெருங்காயமும் ஏதோ தைலமும் மணக்கும். டீச்சர் ஒருமுறை எழுதியிருந்தார்: "உங்க நோட்டெல்லாம் புகை வாசனை. ஆத்துல எல்லாரும் என்னமோ தீயறதுன்னு ஓடி வந்தா." விறகு அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினால் பின்னே எப்படி இருக்கும்? நாங்கள் அதற்குப் பிறகு நோட்டுகளை வெளியில் கொடியில் காயப்போட்டு அனுப்பினோம். பனியில் நனைந்து போய்ச் சேர்ந்தன. புகையே தேவலை என்று பதில் வந்தது.

மார்ச் மாதம் வருடக் கடைசி. அந்த வாரம் வந்த பை கனமாக இருந்தது. நாலாம் வகுப்பு ஐந்து பேருக்கும் காக்கித் தாளில் டீச்சரே ஒட்டிய ஐந்து பெரிய கவர்கள். ஒவ்வொன்றிலும் பெயர். அவற்றில் நாலு வேலை செய்து போட வேண்டும். இந்த வருடம் படித்ததில் பிடித்ததை ஒரு பக்கம் எழுதுவது. வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு வரும் வழியைப் படம் வரைவது. ஐந்து இலைகளை ஒட்டிப் பெயர் எழுதுவது. டீச்சர் சொல்லியிருக்கும் ஒரு வகுப்புத் தோழரைப் பற்றி நாலு வரி எழுதுவது. இது போக, கடைசி வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்கு ஃபாக்டரி சங்கு ஊதும்போது எல்லோரும் சேர்ந்து காலை வணக்கப் பாட்டைப் பாட வேண்டும். அதே நேரத்தில் தானும் கரமனையில் பாடுவதாக எழுதியிருந்தார்.

கடிதத்தின் அடியில் இன்னொன்று இருந்தது. நகரத்தில் தமிழில் படிக்கிற பள்ளிக்கூடம் ஒன்றில், விடுதியோடு, மலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒரு இடம் இருக்கிறது. எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒருவர் பெயரை டீச்சர் எழுதி அனுப்பலாம். கவர்களைப் பார்த்து எழுதுவேன் என்று சொல்லியிருந்தார்.

எனக்கு அந்த இடம் வேண்டும். வாழ்க்கையில் வாய்விட்டு 'வேண்டும்' என்று நான் கேட்டது மிகக் குறைவு. அன்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். ஐந்தாம் வகுப்புக்கு மலையிறங்கி விதுரைக்குப் போக வேண்டும். அங்கே எல்லாம் மலையாளம். தெரியாத மொழியில், தெரியாத பிள்ளைகள் நடுவே எழுந்து நின்று பதில் சொல்வதை நினைத்தாலே எனக்குப் பயம். தமிழ்ப் பள்ளிக்கூடம் கிடைத்தால் படிப்பேன், இல்லாவிட்டால் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அப்பா ஃபாக்டரியில் வேலை பார்த்தார். விஷயத்தைக் கேட்டதும், உடைந்த தேயிலைப் பெட்டிப் பலகைகளைக் கொண்டுவந்து எனக்கு ஒரு பெட்டி செய்யத் தொடங்கிவிட்டார். ஓரங்களில் தகரப் பட்டை, மூடியில் தோட்டத்தின் முத்திரை எழுத்து. "இன்னும் முடிவே ஆவலியே, அதுக்குள்ள பெட்டியா?" என்றாள் அம்மா. "இவன் படம் வரையுததப் பாத்திருக்கியா நீ? இவனுக்குத்தான்" என்றார் அப்பா. பின்னாளில் அந்தப் பெட்டியில் கோழி முட்டையிட்டது. அப்புறம் அது எங்கே போனது என்று தெரியவில்லை.

வழிப் படத்தை மூன்று சாயங்காலம் வரைந்தேன். எங்கள் வீட்டிலிருந்து தொடங்கி, தண்ணீர்க் குழாய், ஃபாக்டரிச் சுவர், சரிந்து கிடக்கும் பாறை, ஓடைமேல் போட்ட தண்டவாளத் துண்டு, ஆயா கொட்டகை, பள்ளிக்கூடம். எந்த இடத்தில் அட்டை அதிகம் என்பதற்குச் சிவப்புப் பென்சிலில் புள்ளி வைத்தேன். மற்ற மூன்று வேலையும் சுமாராகத்தான் செய்தேன். அந்தப் படம் நன்றாக வந்திருந்தது. வாட்சர் மகனே பார்த்துவிட்டு, "எலே, இத வச்சி நான் கண்ண மூடிக்கிட்டு நடந்துருவேன்" என்றான்.

இதற்கு நடுவில் மூன்று வாசல் தள்ளி இருந்த பெண் வகுப்புக்கு வருவதே இல்லை. அவள் அம்மா பிரசவத்துக்காகக் கீழே ஆஸ்பத்திரிக்குப் போனவள், ஏதோ சிக்கலாகி அங்கேயே இருந்தாள். அப்பன் அவளோடு. வீட்டில் இரண்டு தம்பிகள். இவள்தான் சோறாக்கி, குளிப்பாட்டி, சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்தாள். தம்பிகளை ஆயாவிடம் விடலாமே என்றால், சின்னவனுக்கு அம்மை போட்டிருந்தது. ஆயா வாசலிலேயே நிறுத்திவிட்டாள். பெயர் எழுதிய அவள் கவர் பள்ளிக்கூட மேஜைமேல் தட்டையாகக் கிடந்தது.

கவர் காலியாகப் போனால் அவளை நாலாம் வகுப்பிலேயே உட்கார வைத்துவிடுவார்கள் என்று இரட்டையர் பேசிக்கொண்டார்கள். நான் வீட்டில் சொன்னேன்.

அம்மா கொழுந்து பறிக்கிறவள். மலையில் ஒரு வழக்கம் உண்டு. உடம்பு முடியாதவள், பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரி யாராவது பறிக்க முடியாமல் தடுமாறினால், அதே செடி நிரையில் நிற்கிற மற்றவர்கள் போகிற போக்கில் ஆளுக்கு ஒரு பிடி அவள் கூடையில் போட்டுவிடுவார்கள். பேச்சு கிடையாது. போடுகிறவள் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. போடும்போது நல்ல கொழுந்தாகப் போட வேண்டும். முற்றின இலையை அடுத்தவள் கூடையில் போடுவது கேவலம். போட்டதைத் திரும்ப எடுப்பது அதைவிடக் கேவலம். மேற்பார்க்கும் கங்காணியிடம் இவளால் முடியவில்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். சொன்னால் காட்டிக் கொடுத்ததாக ஆகும்.

அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே, "கூட காலியாப் போவக் கூடாதுலே. ஆளுக்கு ஒரு பிடி போடுங்க" என்றாள். "ஒரு பிடி போட்டா ஒனக்கு என்ன கொறஞ்சா போவும்?"

அம்மா அப்படிச் சொன்னதில் தப்பு என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் கொழுந்தில் எந்தப் பிடியும் ஒரே பிடிதான். என்னிடம் இருந்தவை நாலே தாள். அதில் ஒன்றுதான் கொழுந்து.

வெள்ளிக்கிழமை காலை நாங்கள் ஒருவருக்கொருவர் தெரியாமல் அவள் கவரில் போட்டதாக நினைத்துக்கொண்டோம். அறை ஒன்று, மேஜை ஒன்று, எல்லோருக்கும் தெரியும். இரட்டையரில் அக்கா தன் இலைத் தாளைப் போட்டாள். தங்கச்சி, பிடித்ததை எழுதிய பக்கத்தைப் போட்டாள். வாட்சர் மகன் என்ன போட்டான் என்று தெரியவில்லை, முதுகைக் காட்டிக்கொண்டு போட்டான். நான் படத்தைப் போட்டேன். மேலே என் பெயர் எழுதாமல் விட்டிருந்தேன். பிறகு என் கவருக்காக ஒரு துண்டுத் தாளில் நாலு கோடு இழுத்து, அதுதான் வழி என்று வைத்தேன்.

வகுப்புத் தோழரைப் பற்றி நாலு வரியில் டீச்சர் எனக்குச் சொல்லியிருந்தது அந்தப் பெண்ணைத்தான். 'அவள் நன்றாகப் பாடுவாள். அவளுக்குப் பதினாறாம் வாய்ப்பாடு தெரியும். யாரையும் அடிக்கமாட்டாள். நல்லவள்' என்று எழுதினேன். மூன்று வாரமாக அவள் வரவில்லை என்று எழுதத் தோன்றவில்லை. யாருக்குமே தோன்றவில்லை.

பன்னிரண்டு மணிக்குச் சங்கு ஊதியது. பாடினோம். தகரக் கூரையில் மழை பிடித்துக்கொண்டது. சங்கு, மழை, பாட்டு மூன்றும் கலந்து எங்கள் குரல் எங்களுக்கே கேட்கவில்லை. "டீச்சர் இப்ப பாடுதாங்களா?" என்றாள் இரட்டையரில் தங்கச்சி. வாட்சர் மகன் காதைச் சுவரில் வைத்துக் கேட்டுவிட்டு, "சுதி சேரல" என்றான்.

மூன்று மணிக்குப் பையை ஏற்றினேன்.

திங்கட்கிழமை வந்த பையில் பாடம் இல்லை. கடிதம் மட்டும். வாட்சர் மகன் நாற்காலியில் ஏறி மூக்கைச் சுருக்கி ஆரம்பித்தான். இரண்டு வரியில் அவன் குரல் மாறிவிட்டது. கீழே இறங்கி நின்றுகொண்டு வாசித்தான். 'நாலு வருஷமா உங்க கையெழுத்தைப் பார்க்கிறேன். எந்தத் தாள் யாருடையதுன்னு எனக்குத் தெரியாதா? டீச்சர் படுத்துண்டு இருக்கா, என்ன வேணா பண்ணலாம்னு நினைச்சேளா? மத்தவாளை எழுத வெச்சுக் கவரை ரொப்பினவளை நான் மேல் வகுப்புக்கு அனுப்ப முடியாது. அந்த வழிப் படத்தை வரைஞ்சவன் ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கூட்டிண்டு என் ஆத்துக்கு வரட்டும்.'

வாட்சர் மகன்தான் முதலில், "எலே, ஒனக்குப் பூச" என்றான். சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை.

அப்பாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். நான் கடிதத்தின் கடைசி வரியை மட்டும் வாசித்துக் காட்டினேன். அவர் சலவை வேட்டியை எடுத்து வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை கரமனைக்கு வந்தோம். ஆற்றை ஒட்டிய தெரு, இரண்டு பக்கமும் ஒட்டி ஒட்டி வீடுகள், வாசலில் கோலம். நான் முதல்முதலாக நகரத்தைப் பார்த்தது அன்றுதான். ஆனால் கோலம்தான் நினைவில் இருக்கிறது, தலையைக் குனிந்துகொண்டு நடந்ததால்.

டீச்சர் கூடத்துக் கட்டிலில் சாய்ந்திருந்தார். காலுக்குக் கீழே இரண்டு தலையணை. மாவுக்கட்டின்மேல் யாரோ சின்னப் பிள்ளை பென்சிலால் கிறுக்கியிருந்தது. "வாங்கோ, வாடா" என்றார். அப்பா வாசற்படிக்கு உள்ளே ஓரடி வைத்து அங்கேயே நின்றார். நாற்காலி இருந்தது. உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. டீச்சரின் மாமியார் காப்பி கொண்டுவந்தார். வீட்டிலிருந்த டம்ளர்கள் எல்லாம் எவர்சில்வர். எங்களுக்கு மட்டும் கண்ணாடி. அப்போது எனக்குக் கண்ணாடிதான் உயர்த்தி என்று தோன்றியது.

"அன்னிக்குப் பன்னண்டு மணிக்கு நான் பாடினேன்டா" என்றார் டீச்சர். "ஜுரத்துல பெனாத்தறேன்னு எங்காத்துல பயந்துட்டா." எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

ஐந்து கவர்களையும் மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டார். அந்தப் பெண்ணின் கவரிலிருந்து என் படத்தைப் பாதி வெளியே இழுத்தார்.

"இது யாரோடது?"

நான் தரையைப் பார்த்தேன்.

"எனக்குத் தெரியும், சொல்ல வேண்டாம். உன் சிவப்புப் புள்ளி எனக்குத் தெரியாதா? இந்த அஞ்சு கவர்லயும் இதுதான் ஒசத்தி." அப்பா நிமிர்ந்தார். "அவ கேட்டான்னு குடுத்தியா, மிரட்டினாளா, அது எனக்கு வேண்டாம். இப்ப நீயே இதை எடுத்து உன் கவர்ல வை. உன் பேரை எழுதி அனுப்பிடறேன். ஹாஸ்டல் உனக்குக் கெடைக்கும்."

கவரை என் பக்கம் நீட்டினார். படத்தின் மேல்பாதி வெளியே தெரிந்தது. கையை நீட்டினால் எடுத்துவிடலாம். நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டேன்.

"எடுலே" என்றார் அப்பா.

நான் எடுக்கவில்லை.

"எடுலேங்கேன்லா. டீச்சர் கைய நீட்டிக்கிட்டு இருக்காங்க."

"ஏன்டா?" என்றார் டீச்சர். "பயமா?"

என்னிடமிருந்து எப்படி வந்தது என்று தெரியாது. "போட்டத எடுக்கப்பிடாது டீச்சர்" என்றேன்.

டீச்சருக்கு விளங்கவில்லை. அப்பாவுக்கு விளங்கிவிட்டது. காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "அவன் சொல்லுதது சரிதான் டீச்சர். எடுக்கப்பிடாது" என்றார். அந்தப் பெண்ணின் வீட்டு நிலைமையைச் சொன்னார். மலை வழக்கத்தைச் சொன்னார். அப்பா அவ்வளவு நேரம் பேசி அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை.

டீச்சர் கவரை மெதுவாக மடியில் வைத்தார்.

"மூணு வாரமாவா வரலை?" என்றார் என்னிடம். "அவளைப் பத்தி உன்னைத்தானேடா எழுதச் சொன்னேன். நன்னா பாடுவா, பதினாறாம் வாய்ப்பாடு தெரியும்னு எழுதியிருக்கே. அவ வரலைன்னு ஒரு வரி எழுதியிருந்தா போறுமே. மெதுவா ஏப்ரல்ல எழுதி அனுப்பட்டும்னு சொல்லியிருப்பேனே. நான் அங்க இருந்திருந்தா காலி எடம் கண்ணுக்குத் தெரியும். இங்கேர்ந்து எனக்கு என்ன தெரியும்? நீங்க எழுதறதுதான் தெரியும்."

டீச்சர் அப்பாவின் பக்கம் திரும்பினார்.

"நாலு வருஷமா பஸ்ல வரேன், பஸ்ல போறேன்" என்றார் அப்பாவிடம். "உங்க லயம் எந்தப் பக்கம்னுகூட எனக்குத் தெரியாது."

அந்தப் பெண்ணை ஐந்தாம் வகுப்புக்கு அனுப்பிவிடுவதாக அங்கேயே சொன்னார். எனக்கு ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் கொடுத்து, "இங்கேயே உக்காந்து இன்னொரு படம் வரை, அது போறும்" என்றார். தரையில் உட்கார்ந்தேன். மாமியாரும், டீச்சரின் கணவரும், பக்கத்து வீட்டுப் பையன்கள் இரண்டு பேரும் சுற்றி நின்று பார்த்தார்கள். தினம் நடந்த வழி. ஆனால் குழாய் முதலில் வருமா, பாறை முதலில் வருமா என்று எனக்கு மறந்துபோய்விட்டது. நாலு கோடு, ஒரு சதுரம். டீச்சர் அதை வாங்கி என் கவரில் வைத்தார்.

பஸ்ஸில் திரும்பும்போது மலை அடிவாரத்தில் அப்பா, "வீட்ல வரைஞ்ச மாதிரி வரைஞ்சிருக்கலாம்லா" என்று மட்டும் சொன்னார்.

டீச்சர் என் பெயரைத்தான் எழுதி அனுப்பினார். ஏப்ரல் கடைசியில் கண்டக்டர் கடிதம் கொண்டுவந்தார். வேறு தோட்டத்துப் பையன் ஒருவனுக்கு இடம் போய்விட்டது. அவன் கவரில் என்ன இருந்ததோ. நல்லதாகத்தான் இருந்திருக்கும்.

விதுரைக்குப் போகமாட்டேன் என்று நான் சொன்னேன். அப்பா வற்புறுத்தவில்லை. நான் பிடிவாதக்காரன் என்று அவர் நினைத்துக்கொண்டார். எனக்குப் பயம் என்று நான் சொல்லவில்லை. நான் சொல்லாமல் அவருக்கு எப்படித் தெரியும்?

மே மாதம் கவர்கள் திரும்பி வந்தன. மதியம் நான் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு நின்றிருந்தேன். அந்தப் பெண் வந்தாள். இடுப்பில் தம்பி இல்லை. அவள் அம்மா ஊர் திரும்பியிருந்தாள், பிறந்த பிள்ளை தங்கவில்லை. கையில் என் படம்.

"இது ஒன்னோடதுதான?"

"எனக்குத் தெரியாது" என்றேன். அப்படித்தான் சொல்ல வேண்டும்.

"தெரியாதாம்ல. எல, இந்தா பாரு, 'வீடு'ன்னு எழுதியிருக்கு. இது ஒங்க வீடு. ஒங்க வாசல்ல கெடக்க உரல்கூடப் போட்டிருக்கு. எங்க வீட்ல ஏதுல உரல்? தப்பு பண்ணுதவன் ஒழுங்காப் பண்ண வேண்டாமா?"

வரையும்போது அது என் வழிதான். கவரில் போடும்போது அதை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அவள் குழாய் மேடையில் தாளை விரித்தாள். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, எங்கள் வீட்டிலிருந்து மூன்று வாசல் எண்ணி, ஒரு சதுரம் போட்டாள். அதிலிருந்து ஒரு கோடு இழுத்து, குழாய்க்குப் பக்கத்தில் என் வழியோடு சேர்த்தாள். கோடு நேராக வரவில்லை. ஈரத்தில் தாள் கொஞ்சம் கிழிந்தது.

"இப்பச் சரியாப் போச்சா? ரெண்டு பேரும் போலாம்" என்றாள்.

நான் குடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு தாளை மடித்துக்கொண்டு போய்விட்டாள்.

அவள் படத்தைப் பற்றிப் பேசுகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். விதுரைக்கு ஒரே பஸ்ஸில் போகலாம், பக்கத்தில் உட்காரலாம், உனக்குப் பதிலாக நானே எழுந்து பதில் சொல்கிறேன் என்பதும் அதில் இருந்திருக்கலாம் என்று தோன்ற எனக்கு இத்தனை வருடம் ஆயிற்று. ஜூன் முதல் நாள் நாற்றுக் கொட்டகையில் மண் நிரப்பிக்கொண்டிருந்தேன். விதுரைக்கு இறங்கும் காலை பஸ் வந்து நின்றது. அவள் ஏறினாள். கண்டக்டர் வெளியே எட்டிப் பார்த்து, "இனி ஆருண்டு?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு விசில் கொடுத்தார்.